'செமி-சார்ம்ட் லைஃப்': துள்ளல் மெட்டில் ஒரு போதைக்கதை, வெட்டப்பட்ட இரண்டு சொற்கள்

சுருதிபேதம்:
தேர்ட் ஐ பிளைண்ட் குழுவின் முதல் சிங்கிளுக்கு இங்கே தனி இழை இல்லாததால் தொடங்குகிறேன். 1997-இல் வந்த பாட்டு. சான் பிரான்சிஸ்கோ குழு, எலெக்ட்ரா நிறுவனத்தில் முதல் ஆல்பம். அதிலிருந்து முதலில் வெளியே விட்டதே இதைத்தான். பில்போர்ட் ஹாட் 100-இல் 4-ஆம் இடம் வரை ஏறியது, மாடர்ன் ராக் பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. புதுக் குழுவுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பாட்டு எதைப் பற்றி என்பதுதான் விஷயம். கிரிஸ்டல் மெத் பழக்கத்தில் மூழ்கிப்போன ஓர் ஆணும் பெண்ணும். அவன் வாயாலேயே கதை வருகிறது. மெட்டோ கடற்கரைக்குக் கிளம்பும் பிள்ளைகள் காரில் போட்டுக் கேட்பதுபோல் இருக்கும். பாட்டின் தொடக்கத்திலேயே வரும் அந்த 'டூ டூ டூ' ஒருமுறை காதில் ஏறினால் நாள் முழுக்க இறங்காது.

வானொலிக்கு அனுப்பிய வடிவில் போதைப்பொருளின் பெயரான அந்த இரண்டு சொற்களை மட்டும் சிதைத்துவிட்டார்கள். அது உன்னைத் தூக்கிவிடும், நீ உடையும்வரை தூக்கிக்கொண்டே இருக்கும் என்ற பொருளில் வரும் வரி அது. என் கேள்வி இதுதான்: மெட்டு இவ்வளவு குஷியாக இருப்பது பாட்டின் பலமா, ஏமாற்றா? அந்த இரண்டு சொற்களை எடுத்தபின் மிச்சம் இருந்தது என்ன?

பழைய கேசட்:
நல்ல இழை தம்பி. வந்த புதிதில் கேட்டவன் நான். பாதிச் சொற்கள் பிடிபடாது, பாடகர் ஜென்கின்ஸ் அவ்வளவு வேகமாகக் கொட்டுவார். ஸ்டீபன் ஜென்கின்ஸ் இந்தக் குழுவுக்கு முன்னால் ஒரு ராப் ஜோடியில் இருந்தவர், பெர்க்லியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். சரணங்களில் மூச்சுவிடாமல் சொல் அடுக்குவதற்கு இரண்டும் காரணம் என்று நினைக்கிறேன்.

லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைட்' (1972) பாட்டுக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு பதில் என்று ஜென்கின்ஸே இதைச் சொல்லியிருக்கிறார். அதிலும் இதேபோல 'டூ டூ' உண்டு, கேட்டுப் பாருங்கள். அதிலும் போதை, உடல், தெரு எல்லாம் சிரித்த முகத்தோடு வந்து போகும். அமெரிக்காவில் 16-ஆம் இடம் வரை போனது. நியூயார்க்கின் ஆட்களை ரீட் ஒவ்வொருவராக வரிசையில் நிறுத்தி அறிமுகம் செய்வார், அவர் ஓரமாக நின்று பார்ப்பவர். இங்கே பாடுகிறவனே உள்ளே கிடக்கிறான். எனக்கு அந்த வித்தியாசம்தான் பெரிது.

நடுநிசி:
இந்தப் பாட்டுக்கு இவ்வளவு மரியாதை தேவையா? நாலு நிமிடம் குதித்துவிட்டுப் போகிற பாட்டு. போதையைப் பற்றி எழுதுகிறவன் அது பாழாக்கும் என்று கேட்பவனுக்கு உறைக்கும்படி எழுத வேண்டும். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'அண்டர் த பிரிட்ஜ்' அதைச் செய்தது. மெதுவான பாட்டு, தனிமை, ஹெராயின் நாட்களின் வெட்கம் எல்லாம் குரலிலேயே இருந்தது. 1992-இல் 2-ஆம் இடம்வரை போனது. அதாவது சோகமாகச் சொன்னாலும் விற்கும்.

இங்கே என்ன நடந்தது? கல்லூரி விழாவில் நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு 'டூ டூ டூ' பாடினோம். ஒருவனுக்கும் பொருள் தெரியாது. 2000-இல் வந்த டிக்கர் புலிக்குட்டிப் படத்தின் முன்னோட்டத்திலேயே இந்தப் பாட்டைப் போட்டார்கள். குழந்தைகள் படத்துக்கு! எச்சரிக்கை யார் காதிலும் விழவில்லை என்றால் அது எச்சரிக்கையே இல்லை. பின்னால் உட்கார்ந்து 'மெட்டும் சொல்லும் முரண்' என்று விளக்கம் எழுதுவது சுலபம்.

கம்பிவாத்தியம்:
நடுநிசி அண்ணே, சண்டைக்கு வரவில்லை, வாசிக்கிறவன் கையிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

இந்தப் பாட்டு அடிப்படையில் மூன்றே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்றே சுரக்கூட்டு. ஜி, டி, சி. கிதார் கையில் எடுத்த முதல் மாதமே எவனும் பிடித்துவிடுவான். ஆனால் சரணம், பல்லவி, நடுப்பகுதி எல்லாவற்றுக்கும் அதே சுற்றுதான். பொதுவாக பல்லவிக்கு வேறு ஒரு வாசல் திறப்பார்கள், ஒரு மைனர் கார்டாவது வந்து போகும். இங்கே அது கிடையாது. சி-யில் போய் நிற்கும், ஜி-க்குத் திரும்பும், உட்காரும் முன்பே மறுபடி கிளம்பிவிடும். வாசித்துக்கொண்டே இருந்தால் எங்கே நிறுத்துவது என்று கைக்கே தெரியாது. வேறு ஏதோ ஒன்று வேண்டும் என்று பல்லவியில் அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். இசை அவனுக்கு வேறு எதையும் தருவதில்லை, அதே மூன்றைத்தான் தருகிறது.

வெல்வெட் அண்டர்கிரவுண்டின் 'ஹெராயின்' (1967) இதற்கு நேர் எதிர். அதில் இரண்டே கார்டு, ஆனால் வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஊசி ஏறியதும் வரும் அலையை அப்படியே தாளத்தில் கொண்டுவந்தார்கள். 'செமி-சார்ம்ட்' அலை இல்லாத பாட்டு. ஒரே வேகத்தில் ஓடும். மெத் அப்படித்தானாம், வேதியியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சும்மா ஒரு தகவல்: சரியான நாலு கார்டு கிடைத்தால் எனக்கு அழுகை வரும் என்று அந்தப் பாட்டிலேயே ஒரு வரி வருகிறது. வாசிப்பது மூன்றுதான். வேண்டுமென்றே செய்தாரா, எண்ணத் தவறினாரா, அவருக்கே வெளிச்சம்.

கேள்விக்குறி:
மெத், ஸ்பீட் இரண்டும் ஒன்றுதானா? ஹெராயினிலிருந்து எப்படி வேறுபடும்? பாட்டுக்கு இது முக்கியம் என்றால் யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வேதிக்குடுவை:
சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். ஹெராயின் அபின் வகை, ஆளை அமுக்கும். மெத் எதிர்த் திசையில் இழுக்கும் ஊக்கி. ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளுக்கெல்லாம் தெருவில் ஸ்பீட் என்று பெயர், மெத் அதில் வலுவான ஒன்று. 1893-இல் நாகாய் நாகயோஷி எஃபெட்ரினிலிருந்து முதலில் செய்தார். படிக வடிவம் 1919-இல் அகிரா ஓகாதாவிடமிருந்து வந்தது. 1938-இல் ஜெர்மனியில் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மாத்திரையாகவே விற்றார்கள், போரில் சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள்.

நரம்புச் செல்லுக்குள் டோபமின் சிறு பைகளில் இருக்கும். வெளியே வந்த டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு கடத்திப் புரதம் உண்டு. கோகெயின் அந்தக் கதவை அடைக்கும், அவ்வளவுதான். மெத் அதே கதவு வழியாக உள்ளே போய், பைகளிலிருந்து டோபமினைக் கொட்டவைத்து, கதவையே எதிர்த் திசையில் ஓட்டும். போதாததற்கு கோகெயின் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், மெத் பாதியாகப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். கம்பிவாத்தியம் சொன்ன 'இறங்காத வேகம்' சரியாகத்தான் பொருந்துகிறது. பசி இல்லை, தூக்கம் இல்லை, பேச்சு நிற்காது. அந்த மூச்சுவிடாத சரணங்களை இப்போது இன்னொருமுறை கேளுங்கள்.

ஊர் விஷயமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கு இந்தப் பொருள் தொண்ணூறுகளில் புதிதாக வந்ததல்ல. 1967 கோடையில் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் இலவச மருத்துவமனை திறந்தார்கள். அந்தக் கோடை முடிந்ததும் தெருவில் ஸ்பீட் பெருகியது. அங்கிருந்த மருத்துவர்கள் அதோடுதான் மல்லுக்கட்டினார்கள். பாட்டு வருவதற்கு முந்தைய ஆண்டு, 1996-இல், மெத் தயாரிக்க உதவும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது. அதாவது ஜென்கின்ஸ் எழுதியது வீதியில் நடந்துகொண்டிருந்ததை.

நெறியாளர்:
ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எங்கே கிடைக்கும், எவ்வளவு எடுக்கலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. மற்றபடி தொடருங்கள்.

மீள்பாதை:
வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவள். இதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. போதை மீட்பு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஊக்கி வகைப் போதையிலிருந்து வெளியே வர முயல்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

குழு அமர்வில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். கடன், பிரிந்த மனைவி, போன வேலை என்று தலை குனிந்தே பேசுவார். "முதல்முறை எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முதுகு நிமிரும், கை ஆடத் தொடங்கும், குரல் ஒரு படி ஏறும். பக்கத்தில் இருப்பவர்களின் கால்களும் ஆடத் தொடங்கும். கெட்டதெல்லாம் மங்கி நல்லது மட்டும் பளிச்சென்று நினைவில் நிற்பது இந்த நோயின் ஒரு பகுதி. நாங்கள் அந்த இடத்தில் பேச்சை மெதுவாகத் திருப்பிவிடுவோம்.

இந்தப் பாட்டு முழுக்க அந்த நிமிர்ந்த முதுகுதான். கதை சொல்கிறவன் மீண்டவன் இல்லை. அந்தப் பழைய இடத்துக்கு எப்படித் திரும்பிப் போவது என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். நடுவில் சத்தம் அடங்கி வரும் பகுதியில் உண்மை ஒருமுறை எட்டிப் பார்க்கும்: உயிரோடு இருப்பதை உணரத் தேடிப்போனோம், இப்போது பிழைத்துக் கிடக்கவே போராடுகிறேன் என்ற பொருளில். அடுத்த நிமிடமே மறுபடி டூ டூ டூ. எனக்கு அது பழகிய முகம். ஒப்புக்கொண்ட அதே மூச்சில் மழுப்புவார்கள்.

நடுநிசி சார் சொன்ன எச்சரிக்கை பற்றி. சொத்தைப் பல்லும் ஒட்டிய கன்னமுமாக விளம்பரப் படங்கள் வருகின்றன இல்லையா, என்னிடம் வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "முதல் ஆறு மாதம் நான் அப்படி இல்லையே, முன்பைவிட நன்றாக இருந்தேனே" என்பார்கள். பொய்யில்லை. ஆரம்பத்தில் அது இனிக்கிறது என்பதை மறைத்துச் சொல்லும் எச்சரிக்கையை, அதை ருசித்தவர் ஒருநாளும் நம்பமாட்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. என்னிடம் வரும் சிலரால் இந்தப் பாட்டைக் கேட்கவே முடியாது. இசை ஒரு தூண்டுகோல். பழைய நாட்களின் பாட்டு காதில் விழுந்தால் உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். அவர்களிடம் "இது எச்சரிக்கைப் பாட்டு, தைரியமாகக் கேளுங்கள்" என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்விக்குறி:
நன்றி அக்கா. இதற்கு மாத்திரை ஏதும் இல்லையா? ஹெராயினுக்கு மெத்தடோன் கொடுப்பதுபோல?

மீள்பாதை:
மெத் பழக்கத்துக்கு என்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை இல்லை தம்பி. நன்றாக வேலை செய்வது ஊக்கப் பரிசு முறை. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தால் அப்போதே சிறு பரிசு ஒன்று கையில் கிடைக்கும். சிறுபிள்ளைத்தனம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு, ஆனால் ஆய்வுகளில் மற்ற முறைகளை முந்தி நிற்பது அதுதான். நிறுத்தியபின் பல மாதங்களுக்கு எதிலும் சந்தோஷம் வராது, அதுதான் கடினம். ஓராண்டுக்கு மேல் விலகி இருந்தவர்களிடம் அந்த டோபமின் கடத்திகள் ஓரளவு மீண்டு வருவதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் என் வேலை.

நடுநிசி:
மீள்பாதை அவர்கள் எழுதியதைப் படித்தேன். அவர்களுக்கு அந்தப் பாட்டில் முகம் தெரிகிறது, காரணம் அவர்கள் தினமும் அந்த முகங்களைப் பார்க்கிறார்கள். விழாவில் குதித்த எங்களுக்கு ஏன் தெரியவில்லை? பாட்டு வானொலியில் எல்லோருக்கும் போட்டது, ஆலோசகர்களுக்கு மட்டும் போட்டதில்லை. ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது. அதில் எத்தனை பேர் அந்த வரியைப் புரிந்து வாங்கினார்கள்? குழுவும் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பணம் வந்தது.

சுருதிபேதம்:
> விழாவில் குதித்த எங்களுக்கு ஏன் தெரியவில்லை?

நீங்கள் கேட்டது எந்த வடிவம் என்று யோசித்துப் பாருங்கள். நான் இழையைத் தொடங்கியதே இதற்குத்தான்.

இந்தப் பாட்டில் போதை பற்றிய சாடைகள் நிறைய உண்டு. மூக்கால் உறிஞ்சுவது, மறுபடி ஒரு டோஸ் போட்டுக்கொள்வது எல்லாம் வருகிறது. எல்லாம் வேகத்தில் ஓடிவிடும், தெரிந்தவனுக்கு மட்டும் புரியும். பொருளின் பெயரும் அது கொடுக்கும் உயரமும் கடைசியில் நேரும் உடைசலும் ஒரே வரியில் சேர்ந்து, எவனுக்கும் புரியும்படி வருவது அந்த ஒரு இடத்தில்தான். சரியாக அங்கேதான் கத்தரியை வைத்தார்கள். பெயரை எடுத்துவிட்டால் அந்த வரிக்கு எழுவாய் இல்லை. என்ன தூக்கிவிடும்? காதலா, கோடையா, ஏதோ ஒன்று. கேட்பவன் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பிக்கொள்வான். தூண்டிலில் முள்ளைக் கழற்றிவிட்டுப் புழுவை மட்டும் தொங்கவிட்டதுபோல ஆனது. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று வெட்டினார்கள். வெட்டியபின் மிஞ்சியது மயக்கும் பகுதி மட்டும். புலிக்குட்டிப் படத்துக்கு அது போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மெட்டை அப்படிப் போட்டது சும்மா பளபளப்புக்காக அல்ல, ஸ்பீடின் வசீகரம் இசையில் தெரிய வேண்டும் என்பதற்காக என்று ஜென்கின்ஸ் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பாடகர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லைதான். ஆனால் மூன்று கார்டைவிட்டு நகராத அந்த இசை அவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

இதே குழுவின் இரண்டாவது ஆல்பம் 1999-இல் வந்தது, 'புளூ'. அதில் 'ஸ்லோ மோஷன்' என்று ஒரு பாட்டு. வன்முறை, போதை எல்லாவற்றையும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி சொல்லும் பாட்டு. கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்த ஆண்டு அது. அமெரிக்காவில் வெளியான ஆல்பத்தில் பாடல் வரிகளே இல்லாமல் வெறும் இசையாகத்தான் அது வந்தது. துள்ளலாகச் சொன்னால் இரண்டு சொல்லோடு போயிற்று, நிதானமாகச் சொன்னால் வாயையே பொத்திவிட்டார்கள். சோகமாகவும் சொல்லலாமே என்று கேட்டீர்கள் இல்லையா அண்ணே, அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பதில் இது.

பழைய கேசட்:
'ஸ்லோ மோஷன்' முழு வடிவம் பிறகு ஒரு தொகுப்பில் வந்தது. கேட்டவர்களுக்குத் தெரியும், வெட்டியிருக்கவே வேண்டாம்.

கெவின் கடோகன் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த முதல் ஆல்பத்தின் கிதார் சத்தம் பாதிக்குமேல் அவருடையது. 2000-இல் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், வழக்கெல்லாம் நடந்தது. அதன்பின் குழு அதே குழு இல்லை என்பது என் கட்சி. சரி, அது வேறு இழை.

மொட்டைமாடி பேண்ட்:
நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. எங்கள் கல்லூரிக் குழு அடுத்த மாதம் ஆண்டு விழாவில் இந்தப் பாட்டை வாசிப்பதாக இருக்கிறோம். பாடல் வரிகளை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். அந்த இரண்டு சொற்களுக்குப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மற்ற எதிலும் கை வைக்கவில்லை. விட்டுவிட்டுப் பாடலாமா?

கம்பிவாத்தியம்:
அந்த இடத்தில் மைக்கை முன்வரிசைப் பக்கம் நீட்டிவிடு தம்பி, தெரிந்தவன் பாடிக்கொள்வான். :)

அது போகட்டும், பாடுகிறவர் யார்? சரணத்தை முழுதாக மனப்பாடம் செய்து, எங்கே மூச்சு எடுப்பது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல். வேகம் நிமிடத்துக்கு நூறு தட்டுதான், பெரிய வேகமில்லை. சொல் நெருக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். டிரம்மர் உற்சாகத்தில் கொஞ்சம் வேகம் கூட்டினால் பாடகர் காலி.

மீள்பாதை:
என் கருத்து: முழுதாகப் பாடுங்கள், இல்லையென்றால் வேறு பாட்டுக்குப் போங்கள். அரைகுறையாகப் பாடினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நாங்கள் அமர்வில் திருப்பிவிடும் அந்தப் பகுதி மட்டும்தான். முழுதாகப் பாடுவதாக இருந்தால் தொடங்கும் முன் ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள், இது எதைப் பற்றிய பாட்டு என்று. கேட்க முடியாதவர் யாராவது இருந்தால் எழுந்து போக அவகாசம் கிடைக்கும்.

நடுநிசி:
இதில் நான் மீள்பாதை பக்கம். பாட்டின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு இப்போதும் இல்லை. 60 லட்சம் பேரில் வெட்டாத வடிவத்தை வீட்டில் வைத்துக்கொண்டே குதித்தவர்களும் இருக்கிறார்கள், ஆல்பத்தில் அந்தச் சொற்கள் அப்படியேதான் இருந்தன. ஆகவே எல்லாப் பழியையும் கத்தரியின் தலையில் போட முடியாது. ஆனால் வட்டம் போட்டவர் அந்த வரியின் பின்பாதியைப் படித்தாரா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

சுருதிபேதம்:
நியாயமான வாதம். ஆனால் ஆல்பத்தை வாங்கியவன் வானொலியில் நூறு தடவை கேட்டு, குஷிப் பாட்டு என்று முடிவு செய்தபிறகுதான் கடைக்குப் போனான். பிடித்துப்போன பாட்டின் வரிகளை எவன் உட்கார்ந்து படிக்கிறான்?

மொட்டைமாடி பேண்ட்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்ப் பேசினோம். முழுதாகப் பாட அனுமதி இல்லை, விளக்கம் சொல்லிவிட்டுப் பாடவும் அனுமதி இல்லை, "அந்தப் பேச்சே மேடையில் வேண்டாம்" என்றார்கள். அதனால் பாட்டையே மாற்றிவிட்டோம். அதே ஆல்பத்திலிருந்து 'ஜம்பர்' கொடுத்தோம். வரிகளைப் பார்த்துவிட்டு உடனே சரி என்றார்கள், ஒரு வட்டம்கூட இல்லை.

பழைய கேசட்:
தம்பி, 'ஜம்பர்' தற்கொலைக்கு நிற்கிற ஒருவனிடம் பேசுகிற பாட்டு. அவர்களிடம் சொன்னீர்களா?

மொட்டைமாடி பேண்ட்:
அவர்கள் கேட்கவில்லை அண்ணே.